அணைக் கணக்கில் வராதவர்கள்

ஜூன் மாத மேட்டூரில் காற்று அடிக்கும், புழுதி பறக்கும், சொல்லிக்கொள்ளும்படி மழை இருக்காது. ஆனால் அணையில் தண்ணீர் ஏறும்.

கோடையில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது. அரபிக்கடலின் ஈரக்காற்று தென்மேற்கிலிருந்து உள்ளே வந்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறிக் குளிர்ந்து, குடகிலும் வயநாட்டிலும் கொட்டித் தீர்க்கிறது. மலையைத் தாண்டி இறங்கும்போது அதில் ஈரம் அதிகம் மிச்சமில்லை. சேலம், நாமக்கல் சமவெளி அந்த மலைமறைவில் கிடக்கிறது. குடகில் பெய்தது காவிரியாகவும், வயநாட்டில் பெய்தது கபினியாகவும் ஓடிவந்து, மைசூர்ப் பக்கம் ஒன்றுசேர்ந்து மேட்டூரை அடைகின்றன. எங்கோ பெய்த மழை இங்கே தேங்கி, கிழக்கே டெல்டாவுக்குப் போகிறது.

இந்த நீரைப் பற்றி நமக்குச் சொல்லித்தரப்படும் வரலாறு சுருக்கமானது. 1924 பிப்ரவரியில் சென்னை மாகாணமும் மைசூரும் ஒப்பந்தம் போட்டன. அதே ஆண்டு ஜூலையில் காவிரியில் பெருவெள்ளம். 1925-ல் வேலை தொடங்கியது. 1934 ஆகஸ்ட் 21 அன்று கவர்னர் ஸ்டான்லி திறந்துவைத்தார், நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயரே அமைந்தது. முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி.

நீருக்கடியில் ஊர்கள் போயின. அணை வற்றும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். செய்தித்தாள்கள் தவறாமல் படம் போடும். கோயிலும் கோபுரமும் கல், அதனால் நின்றன. நிலம் போனதற்கு இழப்பீடு யாருக்குப் போயிருக்கும்? யார் பெயரில் நிலம் இருந்ததோ அவர்களுக்கு. இந்துக் கூட்டுக்குடும்பங்களில் பிறப்பால் வரும் பங்கு அன்று ஆண்களுக்கு மட்டும். 1937-ன் சட்டம் கைம்பெண்களுக்கு ஓரளவு உரிமை தந்தது. விவசாய நிலம் அதில் வரவில்லை. சென்னை மாகாணம் 1947-ல்தான் அதை விவசாய நிலத்துக்கும் நீட்டித்தது. மகள்களுக்குப் பிறப்புரிமை 1989-ல் வந்தபோது அணைக்கு வயது 55. (அப்போதும், அதற்கு முன்பே மணமானவர்களுக்குக் கிடையாது.) அது போக, தினமும் தண்ணீர் எடுத்த துறைக்கும் விறகு பொறுக்கிய கரட்டுக்கும் யார் பெயரில் இழப்பீடு எழுதுவது?

இது பழங்கதை இல்லை என்பதற்கு டெல்டாவைப் பார்க்க வேண்டும். குறுவைக்காக மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் அந்த நாளில் திறக்க முடியவில்லை. 2016-ல் செப்டம்பர் 20, 2017-ல் அக்டோபர் 2. பசிபிக் கடல் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் நம் பருவமழை பலமுறை குறைந்திருக்கிறது. 2015-ல் அது கடுமையாக இருந்தது. மழை மட்டுமே காரணம் அல்ல, கர்நாடக அணைகளில் எவ்வளவு நிறுத்தப்பட்டது என்பதும் சேர்ந்தது. டெல்டாவில் போய்ச் சேரும் விளைவு ஒன்றுதான்.

நாற்று பறிப்பதும் நடுவதும் களையெடுப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலை, அதிலும் நிலமில்லாத தலித் பெண்களின் வேலை. குறுவை இல்லையென்றால் ஒரு பருவத்து நடவுக்கூலி இல்லை. தண்ணீர் பிந்தி வந்தால் விவசாயி சம்பாவுக்கு நேரடி விதைப்புக்குப் போய்விடுகிறார். அவருக்கு அதில் வேறு வழியில்லை, பயிராவது பிழைக்கும். ஆனால் நேரடி விதைப்பில் நாற்றங்கால் கிடையாது, நடவும் கிடையாது. பயிர் விளைந்தும் அவளுக்குக் கூலி இல்லாத பருவம் அது. பயிர் கருகினால் நிவாரணம் உண்டு. அதற்கு பட்டாவும் அடங்கலும் கேட்பார்கள். அடங்கலில் நிலம் இருக்கும், பயிர் இருக்கும், சாகுபடி செய்பவர் பெயர் இருக்கும். நட்டவள் பெயருக்கு அதில் பத்தி இல்லை. மேட்டூரில் மூழ்கிய நிலத்துக்குக் கணக்குப் போட்ட அதே முறைதான் இங்கே காய்ந்த நிலத்துக்கும்.

பருவமழை இனி இன்னும் தாறுமாறாகும் என்றே வானிலை அறிஞர்கள் சொல்கிறார்கள். மழையில்லாத நாட்கள் நீளும், பெய்தால் ஒரேயடியாகப் பெய்யும். 2022-ல் மே 24-லேயே அணையைத் திறந்தார்கள். 2024-ல் ஜூன் 12 கடந்தும் தண்ணீர் இல்லை. பிறகு மலையில் மழை பிடித்தது. ஜூலை 28-ல் திறந்தார்கள், இரண்டே நாளில் அணை 120 அடியைத் தொட்டது. தொலைக்காட்சியில் எல்லாரும் நிரம்பிய அணையைக் காட்டினார்கள். ஆற்றுநீரை மட்டும் நம்பியிருந்த வயல்களில் குறுவை நடவு நாட்கள் அதற்குள் போயிருந்தன.