பாம்பு வீட்டுக்கு வந்த முதல் 10 நாள்: தொடாமல் இருப்பதே முதல் பராமரிப்பு

மூவார் – பாம்பென்றால் படையும் நடுங்கும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் இன்று தாமான் வீடுகளிலும் சில தோட்ட வீடுகளிலும் பிள்ளைகளின் அறையில் பாம்புப் பெட்டி ஒன்று இடம் பிடித்து விடுகிறது. வாங்கி வந்த அன்றே பாம்பைக் கையில் சுற்றிக்கொண்டு படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புகிறார்கள். அடுத்த வாரம் பாம்பு இரை எடுப்பதில்லை. அதற்கடுத்த மாதம் உடல் வற்றி, முதுகெலும்பு வரி தெரிகிறது. விற்றவர் நோயுள்ள பாம்பைக் கொடுத்துவிட்டார் என்று சண்டைக்குப் போவார்கள். பல வேளைகளில் குறை பாம்பிடம் இல்லை. அதற்கு ஓய்வு கொடுக்காததே காரணம்.

புதிதாக வந்த பாம்பு வீட்டுக்குப் பழகும் வரை என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்பதைப் பார்ப்போம்.

முதலில் சட்டம்

மலேசியாவில் மலைப்பாம்புகளை நினைத்தபடி பிடித்து வளர்க்க முடியாது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் (சட்டம் 716) கீழ் அவை பாதுகாக்கப்பட்டவை. அந்தச் சட்டத்தின் தண்டனைகள் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மேலும் கடுமையாக்கப்பட்டன. செம்பனைத் தோட்டங்களில் எலியைத் தேடி வரும் மலைப்பாம்பும் (மலாயில் ஊலார் சாவா) இதில் அடங்கும். குட்டியாக இருக்கிறதே என்று அதைப் புட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வருவது குற்றமாகிவிடும். தவிர, அந்த இனம் 5 மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. வீட்டில் வைக்கும் பிராணியே அல்ல.

கடைகளில் அதிகம் விற்கப்படுபவை இரண்டு. ஒன்று ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பால் பைத்தன். இதில் உள்ள ‘பால்’ குடிக்கும் பால் அல்ல, பந்து. பயந்தால் தலையை உள்ளே மறைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்வதால் அந்தப் பெயர். மற்றொன்று அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த கார்ன் ஸ்நேக். இரண்டுக்கும் விஷம் இல்லை. மலைப்பாம்பு இனங்கள் எல்லாம் சைட்ஸ் என்னும் அனைத்துலக வனவிலங்கு வணிக உடன்பாட்டின் கட்டுப்பாட்டிலும் உள்ளன. ஆகவே பணம் கொடுப்பதற்கு முன்பே பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையின் அலுவலகத்தில், தன் பெயரில் உரிமம் வேண்டுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. கடைக்காரரின் உரிமம் வாங்குபவருக்குச் செல்லாது. ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

தமிழ்நாட்டு உறவினரைப் பார்த்து ஒப்பிடவும் கூடாது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அந்நாட்டுக் காட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்க்க அனுமதி இல்லை.

ஏன் ஓய்வு தேவை?

பால் பைத்தன் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் வாழ்வது. பகலில் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் ஒளிந்திருந்து இரவில் வெளியே வரும். பெனின் நாட்டின் வீடா நகரில் இந்தப் பாம்புக்குக் கோயிலே இருக்கிறது. அங்குள்ள பக்தர்கள் அதைக் கொல்வதில்லை. நம்மவர்கள் புற்றுக்கு மஞ்சள் பூசி வணங்குவது போன்றதுதான் அதுவும்.

ஒளிந்து வாழப் பிறந்த பிராணி அது. கடைப் பெட்டியிலிருந்து காருக்கு, காரிலிருந்து புதிய அறைக்கு என்று ஒரே நாளில் மாற்றினால், எங்கே போய் ஒளிவது என்பது ஒன்றுதான் அதற்குத் தெரிய வேண்டியது. அச்சத்தில் இருக்கும் பாம்பு இரை எடுக்காது, எடுத்தாலும் கக்கிவிடக்கூடும். நம் கை அதற்கு அன்பாகத் தெரியாது. தன்னைவிடப் பல மடங்கு பெரிய, சூடான ஒரு பிராணி தன்னைப் பிடித்துவிட்டதாகவே அது உணரும்.

பாம்பு வருவதற்கு முன்பே பெட்டி தயாராக வேண்டும்

பாம்பை வாங்கிய பிறகு பெட்டியைத் தேடி அலையக்கூடாது. இவை முன்கூட்டியே வேண்டும்:

பூட்டக்கூடிய மூடி. சுண்டுவிரல் நுழையும் இடைவெளியே குட்டிப் பாம்புக்குப் போதும். பழைய பலகை வீடுகளில் ஒரு முறை தப்பினால் தரைச் சந்துக்குள் போய்விடும். அண்டை வீட்டார் கண்ணில் பட்டால் அது விஷப் பாம்பா இல்லையா என்று யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள், கம்புதான் பேசும்.

இரண்டு மறைவிடங்கள். ஒன்று வெப்பமான பக்கத்தில், மற்றொன்று குளிர்ந்த பக்கத்தில். சுருண்டால் உடல் சுவரில் படும் அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும். வாசல் வெட்டிய பிளாஸ்டிக் டப்பாவே போதும். அலங்காரக் குகை தேவையில்லை.

கவிழாத தண்ணீர்க் கிண்ணம். தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். பாலும் முட்டையும் வேண்டாம். நாகத்துக்குப் பால் வார்ப்பது வழிபாட்டு வழக்கம். பாம்பின் உடல் பாலைச் செரிப்பதற்கு ஏற்றதல்ல.

தரையில் செய்தித்தாள். முதல் மாதம் இதுவே நல்லது. மலம், இரத்தம், ஊர்ந்து திரியும் கருப்பு உண்ணி எதுவானாலும் உடனே கண்ணில் படும்.

வெப்பமானி. பால் பைத்தனுக்கு வெப்பப் பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 வரை இருக்கலாம். கார்ன் ஸ்நேக்கிற்கு இன்னும் ஓரிரு டிகிரி குறைவு.

நம் நாட்டுப் பராமரிப்பு குளிர் நாட்டுப் பராமரிப்பிலிருந்து வேறுபடுவது இங்கேதான். வெளிநாட்டுக் காணொளிகளில் எப்போதும் விளக்கு வைத்துச் சூடேற்றச் சொல்வார்கள். மூவாரில் பகல் வெயிலே போதுமானது. துத்தநாகக் கூரை வீட்டில் நண்பகலில் பெட்டி கொதிப்பதுதான் உண்மையான ஆபத்து. சன்னலோரம், கூரைக்கு அடுத்த மேல்தட்டு, வெயில் படும் ஐந்தடி இவை கூடாது. மாறாக, இரவு முழுதும் ஏர்கோண்டிஷன் ஓடும் அறையில் குளிர் அதிகமாகி, செரிமானம் நின்று மூச்சுக்கோளாறு வரலாம். அப்படிப்பட்ட அறையில் மட்டும், வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியுடன் கூடிய சூட்டுத் தகடு தேவைப்படும்.

முதல் நாள் முதல் 10ஆம் நாள் வரை

வரும் நாள்: பாம்பைத் துணிப்பையில் விட்டு வாயைக் கட்டி, காற்றுத் துளையுள்ள டப்பாவில் வைத்துக் கொண்டு வர வேண்டும். காரின் பின்பெட்டியில் வைக்கக்கூடாது. வழியில் சாப்பிட இறங்கினால் பூட்டிய காருக்குள் விட்டுச் செல்லவும் கூடாது. வீட்டுக்கு வந்ததும் பையின் கட்டை அவிழ்த்து அப்படியே பெட்டிக்குள் வைத்துவிட்டால் அதுவே வெளியே வரும். பெட்டியின் மூன்று பக்கமும் துணி அல்லது தாள் கொண்டு மறைக்கலாம்.

முதல் 5 நாள்: தண்ணீர் மாற்றுவது, அசுத்தம் எடுப்பது தவிர வேறு வேலை இல்லை. மறைவிடத்தைத் தூக்கிப் பார்க்கக்கூடாது. விருந்தினருக்குக் காட்டக்கூடாது. பாம்புக்கு வெளிக்காது இல்லை. ஆனாலும் தரை வழியாக வரும் அதிர்வையும் தாழ்ந்த ஒலியையும் அது நன்றாக உணரும். மகுடிக்கு ஆடுவதும் இசைக்காக அல்ல, ஆட்டியின் அசைவுக்காகவே. எனவே ஒலிபெருக்கிப் பெட்டி அருகில் வேண்டாம். தீபாவளிப் பட்டாசு வாரத்திலும், வீட்டில் விசேஷம் உள்ள நாளிலும் புதுப் பாம்பை வாங்காமல் இருப்பது நல்லது.

6 அல்லது 7ஆம் நாள்: முதல் இரை. கடையில் கிடைக்கும் உறைய வைத்த எலியை ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டில் இளக வைத்து, பிறகு வெதுவெதுப்பான நீரில் சூடாக்கி, இடுக்கியால் கொடுக்க வேண்டும். இரை பாம்பின் உடலின் பருத்த பகுதி அளவுக்கு இருந்தால் போதும். எடுக்கவில்லையென்றால் அதன் முகத்தில் ஆட்டிக்கொண்டே இருக்கக்கூடாது. அப்புறப்படுத்திவிட்டு 5 முதல் 7 நாள் கழித்து மறுபடி முயலலாம்.

தோட்டத்திலோ சமையலறையிலோ பொறியில் விழுந்த எலியைக் கொடுக்கவே கூடாது. செம்பனைத் தோட்டங்களில் எலிக்கு விஷ வில்லை வைப்பது வழக்கம். விஷம் தின்ற எலி பாம்பையும் கொல்லும்.

இரை எடுத்த பின்: குறைந்தது 48 மணி நேரம் தொடக்கூடாது. அவசரப்பட்டுத் தூக்கினால் கக்கிவிடும். கக்கிய பாம்புக்கு உணவுக்குழல் புண்ணாகியிருக்கும் என்பதால், அடுத்த இரைக்கு 10 முதல் 14 நாள் காத்திருக்க வேண்டும்.

எப்போது கையில் எடுக்கலாம்?

நாட்காட்டியை மட்டும் நம்பக்கூடாது. தொடர்ந்து இரண்டு மூன்று முறை மறுக்காமல் இரை எடுத்திருந்தால், பாம்பு வீட்டுக்குப் பழகிவிட்டது என்று கொள்ளலாம். முதல் முறை 5 நிமிடம் போதும். தலைக்கு நேர் மேலிருந்து கையைக் கொண்டு போகாமல், பக்கவாட்டிலிருந்து உடலின் நடுப்பகுதியைத் தாங்கி எடுக்க வேண்டும். கழுத்தைப் பிடிக்கக்கூடாது. கையில் எலி வாசம் இருந்தால் அது விரலை இரையென்று நினைத்துவிடும்.

கழுத்தை ஆங்கில ‘எஸ்’ எழுத்துபோல் வளைத்து நின்றாலோ, வாலை வேகமாக ஆட்டினாலோ, பந்துபோல் சுருண்டாலோ அன்று விட்டுவிட வேண்டும். கண் பால்போல் மங்கினால் சட்டை உரிக்கப் போகிறது என்று பொருள். உரித்து முடியும் வரை தொடக்கூடாது.

பால் பைத்தன் சில வாரங்கள் இரை மறுப்பது புதிதல்ல. சமையலறைத் தராசில் வாரம் ஒரு முறை டப்பாவோடு எடை பார்த்து எழுதி வைக்க வேண்டும். எடை குறையாதிருந்தால் பொறுக்கலாம். குட்டிப் பாம்பின் எடை இறங்கினாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, வாயில் நுரை வந்தாலோ ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டு செல்ல வேண்டும்.

வீட்டாரின் பாதுகாப்பு

உடல் நலமாக இருக்கும் பாம்பும் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கலாம். தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். பாம்பின் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக்கூடாது. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர் தொடாமல் இருப்பது நல்லது. எலியை வைக்கத் தனி மூடிய டப்பா வேண்டும். புரட்டாசி விரதம் இருக்கும் அம்மாவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது மரியாதை.

டெங்கி ஒழிப்புப் புகை அடிக்கும் நாளில் பெட்டியை அந்த இடத்திலிருந்து அகற்ற வேண்டும். பூச்சி மருந்து, கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகை எதுவும் அந்த அறைக்கு வேண்டாம்.

வீட்டுக்குள் அறியாத பாம்பு நுழைந்தால் அது வேறு கதை. விலகி நின்று 999இல் தீயணைப்பு மீட்புப் படையை அழைக்க வேண்டும். கடித்துவிட்டால் கீறவோ, உறிஞ்சவோ, இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்ட கையை அல்லது காலை அசைக்காமல் வைத்து, மூவார் சுல்தானா பாத்திமா நிபுணத்துவ மருத்துவமனை போன்ற அவசரப் பிரிவுள்ள இடத்துக்கு விரைய வேண்டும்.

பழக்கம் என்பது என்ன?

பாம்போடு நன்கு பழகியவர்களும் இந்நாட்டில் உயிரிழந்துள்ளனர். பாம்பு அரசர் என்று புகழ்பெற்ற அலி கான் சம்சுடின் 2006ஆம் ஆண்டு டிசம்பரில் ராஜநாகம் கடித்து இறந்தார். பாம்பு பிடிப்பதில் சக வீரர்களுக்குப் பயிற்சி அளித்த பகாங் தீயணைப்பு வீரர் அபு ஸாரின் ஹுசேன், 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் பணியின்போது நாகம் கடித்து இறந்தார். விஷப் பாம்பு எவருடைய வீட்டுக்கும் உரியதல்ல என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.

விஷமற்ற பாம்பும் நாயைப்போல் எசமானரைத் தேடி வராது. இந்தக் கையால் தீங்கு இல்லை என்று பொறுத்துக்கொள்ளும். அதுவே அதன் பழக்கம். பால் பைத்தன் நல்ல பராமரிப்பில் 20 முதல் 30 ஆண்டு வரை வாழும். இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பிள்ளை இன்று கேட்கும் பாம்பு, அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகும் நாளிலும் வீட்டில் இருக்கும். அத்தனை ஆண்டு வைத்துக் காப்பாற்ற முடியுமா என்பதை வாங்கும் முன்பே வீட்டார் அனைவரும் உட்கார்ந்து பேச வேண்டும். 10 நாள் தொடாமல் பொறுத்திருக்க முடியாத பிள்ளைக்கு, பாம்பு வாங்கித் தரும் நேரம் இன்னும் வரவில்லை.