உலக முடிவுக்கு ஒரு நாள்: வன்னியிலிருந்து மலையகம் போகிறவர்களுக்கு

ஹோர்ட்டன் சமவெளிக்குக் குழுவாகப் போக நினைப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது நேரத்தை. நுழைவாயில் காலை 6 மணிக்குத் திறக்கும். 9 மணிக்கு, மிஞ்சினால் 10 மணிக்கு, ‘உலக முடிவு’ விளிம்பை மூடுபனி மறைத்துவிடும். அதன்பிறகு போனால் பார்க்கக் கிடைப்பது ஒரு வெள்ளைத் திரைதான். எனவே கிளிநொச்சியிலிருந்து இரவு பஸ் ஏறி நேரே பூங்கா வாசலில் இறங்குவோம் என்ற கணக்கு சரிவராது. முதல்நாள் நுவரெலியாவில் தங்கி, விடிய 4.30 மணிக்கு வான் பிடிப்பதே நல்லது. நுவரெலியாவிலிருந்து சுமார் 32 கிலோமீற்றர். ரயிலில் வருபவர்கள் பட்டிப்பொலவிலோ ஒஹியவிலோ இறங்கலாம்.

நாங்கள் போனது 2024 பெப்ரவரியில். எங்கள் ஊர்ச் சங்கத்தில் மாதாமாதம் சேர்த்த காசில் 34 பேர். பத்து வயதுப் பிள்ளையிலிருந்து அறுபதை நெருங்கும் அம்மாமார் வரை இருந்தோம். கடல் பார்க்கப் போகலாமா என்ற கேள்விக்கு யாரும் சம்மதிக்கவில்லை. கடலைப் பார்த்தது போதும் என்றார்கள். முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்தவர்களிடம் அதற்குமேல் காரணம் கேட்கத் தேவையில்லை. மலை என்று முடிவாயிற்று.

சமவெளி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2100 முதல் 2300 மீற்றர் உயரத்தில் கிடக்கிறது. பரப்பளவு 3160 ஹெக்டேயர். 1969இல் சரணாலயமாகவும் 1988இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த வில்மட் ஹோர்ட்டனின் பெயர்தான் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இங்கிருந்து நீர் போகிறது. மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கடலோடு சேரும் மகாவலியின் ஒரு தொடக்கம், நாங்கள் குனிந்து கைகழுவிய அந்தக் குளிர்ந்த ஓடை.

வாசலில் பைகளைத் திறந்து பார்க்கிறார்கள். பிஸ்கட் பைக்கற்றின் பொலித்தீன் உறையைக் கழற்றிக் கடதாசியில் சுற்றித் தருவார்கள். கோபிக்க வேண்டாம், அது நல்ல நடைமுறை. சொப்பின் பையில் சாப்பாடு கட்டாமல் வாழையிலையோ டப்பாவோ கொண்டுபோனால் நேரம் மிச்சம். வாகனத் தரிப்பிடத்தில் மரைகள் மனிதரைக் கண்டு அஞ்சாமல் நிற்கும். அவற்றுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது. பொலித்தீன் தின்று செத்த மரைகளின் கதை அங்கே வேலை செய்பவர்களிடம் நிறைய இருக்கிறது.

நடைபாதை ஒரு வட்டம், சுமார் 9.5 கிலோமீற்றர். சின்ன உலக முடிவு, பிறகு பெரிய உலக முடிவு, திரும்பும் வழியில் பேக்கர் நீர்வீழ்ச்சி. மூன்று நான்கு மணித்தியாலம் ஆகும். முழங்கால் நோவுள்ளவர்களுக்கு நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் பகுதிதான் கடினம். அதை விட்டுவிட்டு வந்த வழியே திரும்பலாம், குறை ஒன்றுமில்லை. காலையில் பல் கிட்டும் குளிர். சில சனவரி, பெப்ரவரி விடியலில் புல்லில் உறைபனியும் விழும். பத்து மணிக்கு வெயில் தோலைச் சுடும். தொப்பியும் கம்பளிச் சட்டையும் இரண்டுமே வேண்டும்.

‘பாதையை விட்டு விலகாதீர்கள்’ என்பது பூங்காவின் முதல் விதி. கொழும்பிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு அதை மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு ஒருதரமும் சொல்லத் தேவைப்படவில்லை. மிதிவெடிப் பலகைகளுக்கு நடுவே பள்ளிக்கூடம் போனவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் அவர்கள். காடு என்றால் ஓடி ஒளியும் இடம், விறகுக்குப் போய்க் காலை இழக்கும் இடம் என்று கேட்டு வளர்ந்தவர்கள். அதே காட்டில் சும்மா நடப்பதற்கென்று காசு கொடுத்து நுழைவது எங்களில் பலருக்கு முதல் அனுபவம். முதல் கிலோமீற்றர் யாரும் கதைக்கவில்லை. பிறகு யாரோ ஒரு பறவையைக் கைகாட்ட, சத்தம் தொடங்கியது.

இன்னொன்று, சிறுத்தை. முன்னால் போன வழிகாட்டி இளைஞன் மண்ணில் ஒரு தடத்தைக் காட்டி “கொட்டியா” என்றான். எங்களோடு வந்த ஆண்களில் இரண்டுபேர் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அந்தச் சொல்லை அவர்கள் கடைசியாகக் கேட்ட இடம் வேறு, கேட்ட விதமும் வேறு. சிங்களத்தில் அது இந்த விலங்கின் பெயர் என்பது உண்மைதான். விஞ்ஞானப் பெயரிலும் அது இருக்கிறது: பந்தேரா பார்டஸ் கொட்டியா. 1956இல் அப்படிப் பெயரிட்டவர் விலங்கியலாளர் பி.ஈ.பி. தெரணியகல. இதை நான் விளக்கிச் சொன்னபோது ஒருவர் சிரித்தார். மற்றவர் சிரிக்கவில்லை.

சிறுத்தையைப் பகலில் காண்பது அரிது. தடத்தோடு திருப்திப்பட வேண்டும். இலங்கையில் சிங்கமோ வரிப்புலியோ இல்லாததால் உணவுச் சங்கிலியின் உச்சியில் இருப்பது இதுதான். அழிந்துவிட்டதாக எண்ணப்பட்ட மலைத் தேவாங்கு ஒன்றும் இந்தச் சமவெளியில்தான் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டு 2010இல் படத்தோடு வெளியே வந்தது. அது இரவுப் பிராணி. பாதையோரம் நெலு என்று சிங்களத்தில் சொல்லும் செடிகள் அடர்ந்திருக்கும். நம்முடைய குறிஞ்சியின் இனம்தான். இதிலும் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் வகை உண்டு. யானைகள் ஒருகாலத்தில் இங்கே இருந்தன. வெள்ளைக்காரரின் துப்பாக்கிகளுக்குப் பிறகு இல்லை.

உலக முடிவில் செங்குத்தாக ஏறத்தாழ 880 மீற்றர் பள்ளம். குப்புறப் படுத்து எட்டிப்பார்க்கும் விளையாட்டு வேண்டாம், படம் எடுக்கப் போய் விழுந்தவர்கள் உண்டு. தெளிவான காலையில் கீழே தெரிவது வெறும் பச்சை அல்ல. சற்று உற்றுப் பார்த்தால் அந்தப் பச்சைக்குள் கோடுகள், ஒரு கூரை வரிசை, ஒரு மண் பாதை. அது நன்பெரியல் தேயிலைத் தோட்டம். அந்த வரிசை, லயன்கள். பயண விளம்பரங்களில் இந்த இடத்தைப் ‘பச்சைக் கம்பளம்’ என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் பிடிப்பில்லை. கம்பளத்தின் மேல் யாரும் குடியிருப்பதில்லை.

மேலே காடு மிஞ்சியதற்கும் கீழே காடு போனதற்கும் ஒரே வரலாறுதான். முதலில் கோப்பிக்காகவும், 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழிந்தபின் தேயிலைக்காகவும் மலை மலையாக வெட்டினார்கள். வெட்டியவர்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடத்திவரப்பட்ட தமிழகத்துக் கூலிகள். 5000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடக்கூடாது என்று 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் சொன்ன ஆலோசனைதான் சமவெளியைக் காத்தது. வெட்டியவர்களின் பிள்ளைகளிடமிருந்து 1948இல் குடியுரிமையைப் பறித்தார்கள். 1977 வன்செயலுக்குப் பின் அவர்களில் பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து குடியேறின. அடுத்த முப்பது வருடத்தில் அவர்களுக்கு நடந்தது வாசகர்களுக்குத் தெரியும்.

எங்கள் குழுவில் அப்படி ஒரு அம்மா இருந்தார். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, 11 வயதில் வன்னிக்கு வந்தவர். 2009இல் மெனிக் பாமில் இருந்தவர். பின்னேரத்துக்கு நாங்கள் தலவாக்கலைக்கு அருகில் ஒரு தோட்டத்தில் நடக்க முன்கூட்டியே அனுமதி பெற்றிருந்தோம். இது முக்கியம்: 1992க்குப் பிறகு பெரும்பாலான பெரிய தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருக்கின்றன, கேட்காமல் நுழையக் கூடாது. நாங்கள் போன நேரம் கொழுந்து நிறுக்கும் நேரம். அந்த அம்மா நேரே போய் நிறுவையடியில் நின்றார்.

“எங்கயிருந்து வர்றீங்க?” என்று ஒரு கொழுந்துக்காரப் பெண் கேட்டார்.

“கிளிநொச்சி.”

“அட, எங்க சின்னாத்தா குடும்பம் அங்கதான் போச்சு. இருக்காங்களோ என்னவோ.”

சிறுத்தையைப் பற்றிக் கேட்டோம். “நாய் ரெண்டு காணலைன்னா புலி வந்திருக்குன்னு அர்த்தம். மனுசன அது லேசுல ஒண்ணும் பண்ணாது. எங்களுக்குக் குளவிதான் பயம்” என்றார். குளவி கொட்டி ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போகாத மாதம் மலையகச் செய்திகளில் இல்லை. முன்பு ஒழுங்காகத் துப்புரவு செய்த மலைகள் இப்போது காடேறிக் கிடக்கின்றன என்று அவர்கள் சொல்கிறார்கள். சுற்றுலாக்காரர் ‘இயற்கை’ என்று படம் எடுக்கும் அந்தப் புதருக்குள்தான் பன்றியும் குளவியும் சிறுத்தையும் குடியிருக்கின்றன. அதற்குள் கையை விட்டுத்தான் கொழுந்து பறிக்க வேண்டும். அப்போது சட்டப்படி நாட்சம்பளம் 1000 ரூபாய்.

பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கில் சிறுத்தை விழுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணி லக்சபான தோட்டத்தில் மரக்கறித் தோட்டமொன்றில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை, உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை அளித்தும் சில நாட்களில் இறந்தது. அது இலங்கையில் மிக அரிதான நிறம், நாடே கவலைப்பட்டது. கவலைப்பட வேண்டியதுதான். ஆனால் லயனுக்குப் பக்கத்தில் சொந்தமில்லாத நான்கு பாத்தி நிலத்தில் கரட்டும் கோவாவும் போட்டு, அதையும் பன்றி தின்றால் என்ன செய்வது என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. சுருக்கு வைத்தவன் குற்றவாளி என்று மட்டும் முடித்துவிட்டார்கள். பொகவந்தலாவைப் பகுதித் தோட்டங்களில் சிறுத்தைகளைப் பற்றி ஆய்வு செய்பவர்கள், தேயிலைக்கு நடுவே மிஞ்சிய காட்டுத் துண்டுகளை அவை நன்றாகவே பயன்படுத்துகின்றன என்று காட்டியிருக்கிறார்கள். அங்கே சிறுத்தையும் தொழிலாளியும் ஒரே நிலத்தில்தான் வாழ வேண்டியிருக்கிறது.

இன்னும் நடக்க விருப்பமுள்ளவர்களுக்குப் பெக்கோ பாதை இருக்கிறது. பழைய தோட்ட வண்டிப் பாதைகளை இணைத்து, கண்டியிலிருந்து ஹட்டன், பொகவந்தலாவை, ஹப்புத்தளை, எல்ல வழியாக நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்கள். ஒரு கட்டத்தை மட்டும் ஒரு நாளில் நடக்கலாம். இளைஞர்கள் ஆற்றுப் படகுச் சவாரி கேட்டால் ஹட்டனிலிருந்து இறங்கும் வழியில் கித்துல்கலை இருக்கிறது. நீச்சல் தெரியாதவர்களும் உயிர்காப்பு அங்கியோடு போகிறார்கள். ஆனால் அதையும் ஹோர்ட்டன் சமவெளியையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள்.

தோட்டத்தில் நடப்பவர்கள் கொழுந்து பறிப்பவரைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். லயன் வாசலில் தேநீர் தந்தால் மறுக்காமல் குடியுங்கள். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் கொண்டுபோங்கள். எங்கள் அம்மா தன் தொலைபேசி எண்ணை அந்தக் கொழுந்துக்காரப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தார். சின்னாத்தாவின் பெயரையும், போன வருடத்தையும் ஒரு துண்டில் எழுதி வாங்கிக்கொண்டார். முறிகண்டிப் பக்கம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.