ஐயோமியின் இரண்டு விரல்கள்

போன வாரம் லண்டன் கிளப்புகளில் எரிக் கிளாப்டனும் ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் ஆம்ப்ளிஃபயர்களை அலறவிட்ட இடத்தில் நிறுத்தியிருந்தோம். 1967-லேயே சத்தம் வந்துவிட்டது. கனம் இன்னும் வரவில்லை. அது வந்தது பர்மிங்ஹாமிலிருந்து, அந்நகரின் ஆஸ்டன் என்னும் தொழிலாளர் பேட்டையிலிருந்து.

ஆலைச் சம்மட்டிகளின் ஓசைதான் ஹெவி மெட்டலுக்குள் புகுந்தது என்று சொல்லாத புத்தகம் இல்லை. அந்த ஊர் இசைக்காரர்களே அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இதில் பாதி நம்பிக்கைதான். ஷெஃபீல்டில் சம்மட்டி அடிக்கவில்லையா, பிட்ஸ்பர்கில் உலை எரியவில்லையா? பர்மிங்ஹாம் தொழிற்சாலை இந்த இசைக்குச் செய்தது வேறொன்று. அதற்குத் தேதியும் உண்டு, காயமும் உண்டு.

1965. டோனி ஐயோமிக்கு வயது 17. தகடு வேலை செய்யும் பட்டறை ஒன்றில் வெல்டர். ஓர் இசைக்குழுவோடு ஐரோப்பியப் பயணம் முடிவாகிவிட்டதால் வேலையை விடுகிறார். அன்று கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்தவர், இனி போக வேண்டாம் என்று பார்க்கிறார். ஒழுங்காக முடித்துக் கொடுத்துவிட்டு வா என்று அம்மா திருப்பி அனுப்புகிறார். தகடு அழுத்தும் இயந்திரத்தில் வழக்கமாக நிற்பவர் அன்று வரவில்லை. பழக்கமில்லாத ஐயோமியை அங்கே நிறுத்துகிறார்கள். இயந்திரம் வலது கையில் இறங்குகிறது. பதறிக் கையை இழுத்ததில் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளும் போய்விட்டன.

ஐயோமி இடக்கைக்காரர். அதாவது அவருக்குத் தந்தியை அழுத்தும் கை வலது கை. மருத்துவர்கள் கிதாரை மறந்துவிடச் சொன்னார்கள். பட்டறை மேலாளர் ஒரு கிராமஃபோன் தட்டோடு பார்க்க வந்தார். வாசித்திருந்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928-இல் அவர் குடியிருந்த வண்டி தீப்பிடித்து, இடக்கையின் இரண்டு விரல்கள் முடங்கிப்போன பிறகும் ஐரோப்பிய ஜாஸின் பெரிய கிதார் கலைஞராக விளங்கியவர். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் அந்த மேலாளர்தான்.

பிறகு நடந்தது கைவேலை. பாத்திரம் துலக்கும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருட்டி, சூடான கம்பியால் துளையிட்டு, விரலுக்கு இரண்டு தொப்பிகள் செய்துகொண்டார் ஐயோமி. பிளாஸ்டிக் தந்தியில் வழுக்கியது; பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து துண்டு வெட்டி ஒட்டினார். ஆனால் தொப்பி போட்ட விரலுக்குத் தந்தி படுவதே தெரியாது. கூடுதலாக அழுத்தினால் வலி. மெல்லிய தந்தி வேண்டும், கடைகளில் கிடைக்கவில்லை. பாஞ்சோ வாத்தியத்தின் தந்திகளை வாங்கி கிதாரில் மாட்டினார்.

கஷ்டமான கார்டுகளைப் பிடிக்க முடியாததால் இரண்டு மூன்று சுரங்களோடு நிறுத்திக்கொண்டார். இதற்குப் பெயர் பவர் கார்டு. ராக்கில் அது புதிதல்ல, அதையே அடித்தளமாக்கிக்கொண்டது புதிது. நம் கணக்கில் சொன்னால் ஸட்ஜமும் பஞ்சமமும். ஆம்ப்ளிஃபயரைத் திணறும் அளவுக்கு முடுக்கி நிறைய சுரங்களைச் சேர்த்து வாசித்தால் கூழாகிவிடும். ஸட்ஜ-பஞ்சமம் மட்டும் கலங்காது. இரண்டின் அதிர்வெண் விகிதம் 2:3. ஒலி சிதையும்போது அவற்றின் வித்தியாசமும் ஓர் ஒலியாகப் பிறக்கிறது. அது ஸட்ஜத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே விழும். யாரும் வாசிக்காத அந்தத் தாழ்ந்த ஒலிதான் நெஞ்சில் இடிக்கிறது.

ஐயோமிக்கு ஆஸ்டனிலேயே மூவர் சேர்ந்தார்கள். கணக்கர் வேலை பயின்ற கீஸர் பட்லர் பேஸ் கிதார். பாடல் வரிகளும் பெரும்பாலும் அவருடையவை. டிரம்ஸ் பில் வார்ட். பாட ஆஸி ஆஸ்போர்ன்: கசாப்புக்கூடத்தில் வேலை, கார் ஹாரன்களுக்கு ஸ்ருதி பார்க்கும் வேலை, திருட்டு வழக்கில் சில வாரச் சிறை என்று எல்லாம் பார்த்துவிட்டு வந்தவர். (அதே ஆஸ்டனின் வில்லா பார்க் மைதானத்தில் 2025 ஜூலை 5 அன்று, பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாமல் ஆசனத்தில் அமர்ந்து கடைசிக் கச்சேரியைப் பாடினார். 17 நாளில் மறைந்தார்.)

குழுவின் பெயர் எர்த். அதே பெயரில் வேறொரு குழு இருந்தது. ஒத்திகை இடத்துக்கு எதிரே இருந்த தியேட்டரில் ஓடிய போரிஸ் கார்லாஃப் நடித்த பேய்ப் படத்தின் பெயரை எடுத்துக்கொண்டார்கள்: பிளாக் சப்பாத். காசு கொடுத்துப் பயப்பட இத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்களே, நாமும் அதையே செய்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது.

அந்தப் பெயரிலேயே அமைந்த பாடலின் முக்கிய மெட்டில் மூன்றே சுரம்: ஸட்ஜம், மேல் ஸட்ஜம், பிறகு பிரதி மத்தியமம். ஸட்ஜத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் உள்ள இடைவெளியைப் பழைய ஐரோப்பியர்கள் சாத்தானின் பெயரால் அழைத்தார்கள். திருச்சபை அதைத் தடை செய்ததாகச் சொல்வது கட்டுக்கதை. இசை இலக்கணம் தவிர்க்கச் சொன்னது, அவ்வளவுதான். நமக்கோ பிரதி மத்தியமம் என்றால் கல்யாணி. பயம் சுரத்தில் மட்டும் இருந்துவிடுவதில்லை. இழுத்து இழுத்து நகரும் காலப்பிரமாணத்தில் இருக்கிறது, முன்னால் கேட்கும் மழையிலும் தேவாலய மணியிலும் இருக்கிறது.

1969 அக்டோபரில் லண்டனில் ஒரே நாளில், ஏறக்குறைய 12 மணி நேரத்தில், முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். செலவு 600 பவுண்டு. முதல் பாடல் முடிந்ததும் ஐயோமியின் ஃபெண்டர் கிதார் பழுதாக, மாற்றாக வைத்திருந்த கிப்ஸன் எஸ்ஜி-யில் மற்றதை வாசித்தார். பிறகு அதுவே அவர் அடையாளம். வெளியீடு 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை. மேற்கத்தியர் அஞ்சும் அந்த நாளைத் தேர்ந்தவர் விளம்பரம் தெரிந்தவர். ரோலிங் ஸ்டோன் இதழில் லெஸ்டர் பேங்ஸ் கிழித்துத் தோரணம் கட்டினார். ஆல்பம் பிரிட்டிஷ் பட்டியலில் 8-ஆம் இடம். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 'பாரனாய்ட்' முதலிடம். ஆல்பத்தின் நீளம் போதவில்லை என்று கடைசியில் அவசரமாகத் தட்டிய தலைப்புப் பாடல்தான் அவர்களின் மிகப் பெரிய ஹிட்.

1971-இல் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'. இதில் சில பாடல்களுக்கு ஐயோமி கிதாரின் ஸ்ருதியை மூன்று அரைச்சுரம் கீழே இறக்கினார். பட்லரும் பேஸை இறக்கினார். தந்தி தளர்ந்தால் விரல் வலிக்காது. கூடவே ஒலி இன்னும் கனத்தது. பிற்காலத்து மெட்டல் குழுக்கள் கிதாரை அதைவிடவும் கீழே இறக்கி, தந்தி தொய்யாமல் இருக்கத் தடித்த தந்தியாகத் தேடி மாட்டுகின்றன. ஐயோமிக்குத் தேவைப்பட்டதோ மெல்லிய தந்தி, அதுவும் தொய்வாக.

அடுத்த வாரம்: அதே பர்மிங்ஹாம் வட்டாரத்தில் கிளம்பி, இந்த இசையில் ஒட்டியிருந்த ப்ளூஸைச் சுரண்டி எடுத்துவிட்டு, வேகத்தைக் கூட்டி, தோலுடையும் ஆணிப் பட்டையும் மாட்டிக்கொண்ட ஜூடாஸ் பிரீஸ்ட்.

(தொடரும்)