கொம்பு வண்டின் கடற்பயணம்

எருக்குழியைக் கிளறும்போது பருத்த வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடப்பதை ஊவாத் தோட்டத்து மக்கள் கண்டிருப்பர். அத்தகைய புழுக்களுள் ஒருவகையே வளர்ந்து, தலையிற் கொம்பு தாங்கிய கரிய காண்டாமிருக வண்டாகின்றது.

கொம்பைக் கண்டு நாம் அஞ்ச வேண்டுவதில்லை; அது மனிதரைக் குத்தும் ஆயுதமன்று. ஆணுக்கு நீண்டும் பெண்ணுக்குக் குறுகியும் அமைந்த அக்கொம்பு, ஆண் வண்டுகள் தம்முள் முட்டித் தள்ளிப் போரிடுவதற்கு உதவுவது. புழு, மக்கிய மரத்தையும் எருவையுமே உண்ணும். வளர்ந்த வண்டோ இரவிற் பறந்து சென்று, தென்னங்குருத்தைத் துளைத்துச் சாற்றை உறிஞ்சும். பின்னர் விரியும் ஓலை, கத்தரியால் வெட்டினாற்போற் காட்சியளிக்கும்.

தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் தொன்றுதொட்டு வாழும் இவ்வண்டு, பசிபிக் தீவுகளில் முன்பு இருந்ததில்லை. அங்கே அதனைச் சேர்த்தது எது? இறப்பர் இலாபமே. 1876இல் பிரேஸில் இறப்பரின் கன்றுகள் இலண்டன் கியூ பூங்காவினின்றும் இலங்கைக்கு வந்தன. 1909இல் இலங்கைக் கன்றுகள், அந்நாளில் ஜேர்மனியின் குடியேற்ற நாடாயிருந்த சமோவாவுக்குச் சென்றன. அவற்றோடு வண்டும் சென்றது. அதனை அடக்கும் இயற்கைப் பகைகள் அங்கு இல்லாமையால் வண்டு பெருகிற்று, தென்னைகள் மடிந்தன. புழுவும் வண்டும் தேடிப் பொறுக்கும் வேலை, சட்டத்தின் பேரால் சமோவா மக்களின் தலையிற் சுமத்தப்பட்டது. 1963இல் மலேசியாவில் இவ்வண்டைத் தாக்கும் வைரசு ஒன்றை ஹூகர் என்னும் ஜேர்மன் அறிஞர் கண்டறிந்தார். 1967இல் அது சமோவாவில் விடப்பட்ட பின்னரே வண்டுகளின் தொகை குறைந்தது.

இத்தகைய கதை ஊவாவுக்குப் புதிதன்று. கோப்பி இலைத்துரு நோய் 1869இல் இலங்கையில் முதன்முதலாகக் காணப்பட்டது நமது மடூல்சீமைப் பகுதியிலேயே. மலைக்காட்டை அழித்து, மலைமலையாக ஒரே பயிரை நட்ட முறைமை அந்நோய்க்கு விருந்து வைத்தது. கோப்பி வீழ்ந்ததும் துரைமார் தேயிலைக்கு மாறினர். தொழிலாளர் பலரோ பிழைப்பிழந்து தமிழகம் திரும்பினர்.

கோப்பிக்கு நோயும் தென்னைக்கு வண்டும் பகையென்பது உண்மையே. ஆயினும் அவற்றைப் பெருங்கேடாக்கியது, இலாபத்தின் பொருட்டு மண்ணையும் பயிரையும் மனிதரையும் விரும்பியவாறு இடம்மாற்றிய பெருந்தோட்ட முறையாகும். ஆதலின், உயிரியல் வகுப்பில் வண்டின் உறுப்புகளை வரையச் செய்வதோடு நாம் அமைதல் ஆகாது. அதனைக் கொண்டுசென்றவர் யார், பயனடைந்தவர் யார், துன்பத்தைச் சுமந்தவர் யார் என்னும் மூன்று வினாக்களையும் நம் மாணவர் எழுப்பக் கற்பிப்போமாக.