நீலவேணி யாருடைய குதிரை?

திண்டிவனத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறினேன். செஞ்சிக்கு டிக்கெட். சுமார் 28 கிலோமீட்டர்தான். பக்கத்து சீட்டில் ஒரு கல்லூரிப் பையன். காதில் மாட்டுகிற சமாச்சாரத்தை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்துவிட்டான் போலிருக்கிறது... அவன் செல்போனில் ஓடிய வீடியோவை பஸ்ஸே கேட்டுக்கொண்டு வந்தது. ‘வரலாறு நம்மிடமிருந்து மறைத்த மாவீரன் ராஜா தேசிங்கு!’ என்று ஒரு குரல். டமடமவென்று பின்னணி இசை வேறு.

மறைத்ததாவது! செஞ்சி வட்டாரத்தில் தேசிங்கைத் தெரியாதவர் யார்? கதைப்பாட்டாகப் பாடினார்கள், பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சிட்டு விற்றார்கள், 1960-ல் எம்.ஜி.ஆர். இரட்டை வேடம் போட்டு சினிமாவாகவே வந்தது. இதற்கு மேல் ஒருவரை எப்படி மறைப்பது?

வீடியோக் குரல், ‘தேசிங்கு தன் குதிரை நீலவேணி மேல் ஏறி...’ என்றதுதான் தாமதம், பின் சீட்டிலிருந்து ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார்.

‘‘தம்பி, அதை நிறுத்து. எவன்டா அவன்? நீலவேணி தேசிங்கு குதிரை இல்லப்பா. அது அவன் சிநேகிதன் குதிரை. தேசிங்கு குதிரை பேரு பாராசாரி!’’

பையன் சிரித்தான். ‘‘தாத்தா, லட்சக்கணக்குல பாத்திருக்காங்க. தப்பா இருந்தா யாராவது சொல்லியிருக்க மாட்டாங்களா?’’

நியாயமான கேள்வி! அன்று ராத்திரி ரூமில் உட்கார்ந்து, செஞ்சியைப் பற்றி ஆர்வலர்கள் எடுத்துப் போட்ட வீடியோக்களையும், அவற்றுக்கு ஜனங்கள் எழுதிய பதில்களையும் வரிசையாகப் பார்த்தேன். தூக்கம் போனதுதான் மிச்சம் என்று சொல்ல மாட்டேன். ஒரு விஷயம் புரிந்தது. ‘தப்பு’ என்று சொல்கிறார்கள். நிறையவே சொல்கிறார்கள். ஆனால், எதைத் தப்பு என்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

2025 ஜூலை 11. பாரிஸில் கூடிய யுனெஸ்கோ குழு, ‘மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள்’ என்ற தலைப்பில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில். பன்னிரண்டாவது, நம் விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி. சந்தோஷப்படுவதா, சண்டை போடுவதா? நம் ஆட்கள் இரண்டையும் செய்தார்கள்! ‘கோனார் கட்டிய கோட்டை எப்படி மராட்டியர் கோட்டையாகும்?’ என்று ஒரு கட்சி. ‘சிவாஜி இல்லாவிட்டால் செஞ்சியே இல்லை’ என்று இன்னொரு கட்சி. ‘நாயக்கர்களை ஏன் மறந்தீர்கள்?’ என்று மூன்றாவது. நடுவில், ‘எல்லாரும் சும்மா இருங்கள், அது தேசிங்கு கோட்டை’ என்று ஒரு பெரும் கூட்டம். வீடியோ எடுத்தவர் எந்தப் பேரைச் சொன்னாலும் மற்ற மூன்று கட்சிக்கும் அவர் ‘வரலாற்றைத் திரிப்பவர்’ ஆகிவிடுகிறார், பாவம்.

சரி, கணக்கைப் பார்த்துவிடுவோமா?

முதலில் கோனார். கி.பி. 1190 வாக்கில் ஆனந்தக் கோன் என்ற இடையர் தலைவர் ஆடு மேய்க்கும்போது மலையில் புதையல் கண்டெடுத்தார், அதைக் கொண்டு கோட்டை கட்டி மலைக்கு ஆனந்தகிரி என்று பெயர் வைத்தார் என்பது செஞ்சியின் பிறப்புக் கதை. அவருக்குப் பின் வந்த கிருஷ்ணக் கோன் பெயரில்தான் வடக்கு மலை கிருஷ்ணகிரியானது என்பார்கள். இதை நமக்கு எழுத்தில் தந்தவர் நாராயணப் பிள்ளை என்பவர். அவர் எழுதிய ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’, ஊர் ஊராகச் சுவடி சேகரித்த காலின் மெக்கன்சியின் தொகுப்பில் இருக்கிறது. எழுதிய காலம் 1803 வாக்கில். அதாவது, ஆனந்தக் கோனுக்கு 600 வருஷம் கழித்து! நடுவில் 20 தலைமுறையாவது வாய்வழியாகவே வந்த கதை. அதற்காகப் பொய் என்று தள்ளவும் முடியாது, நேரில் பார்த்த மாதிரி தேதி போட்டுச் சொல்லவும் முடியாது. இன்னொரு சங்கதி... ஒட்டக்கூத்தர் தமது விக்கிரம சோழன் உலாவில், செஞ்சித் தலைவனான காடவன் ஒருவனைச் சொல்கிறார். விக்கிரம சோழன் ஆண்டது 1118 முதல் 1135 வரை. ஆக, ஆனந்தக் கோனுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே செஞ்சிக்கு ஒரு தலைவன் இருந்திருக்கிறான். இதை வைத்து யாரும் சண்டை போட்டு நான் பார்க்கவில்லை. காடவனுக்கு இன்று கட்சி கிடையாதல்லவா!

நாயக்கர்கள், விஜயநகரத்துக்குக் கட்டுப்பட்டு 16-ஆம் நூற்றாண்டில் தொடங்கி நூறு வருஷத்துக்கு மேல் ஆண்டார்கள். இன்று நாம் போய் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிற கல்யாண மகால், மலையளவு நெல் கொட்டுகிற களஞ்சியங்கள் எல்லாம் அவர்கள் காலத்தவை என்றே ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். 1597-ல் செஞ்சிக்கு வந்த பிமெண்டா என்ற ஏசு சபைப் பாதிரியார், லிஸ்பனைத் தவிர போர்ச்சுகலில் இவ்வளவு பெரிய ஊர் இல்லை என்று வியந்திருக்கிறார். லிஸ்பனுக்கு அடுத்த ஊர் நம் செஞ்சி!

பிறகு 1648-49 வாக்கில் பீஜப்பூர் சுல்தான் படை பிடித்தது. 1677-ல் சிவாஜி பிடித்தார். பிடித்ததோடு விடவில்லை. பழைய மதிலை இடித்துப் புதிதாகக் கட்டினார், அகழி வெட்டினார், கொத்தளம் எழுப்பினார். ஐரோப்பியரே குறை சொல்ல முடியாத வேலை என்று அக்காலப் பாதிரியார் ஒருவர் எழுதிய கடிதம் இருக்கிறது. சிவாஜியின் மகன் ராஜாராம், மொகலாயர்களிடம் தப்பித்து 1689-ல் இங்கே வந்து சேர, செஞ்சியே மராட்டியத் தலைநகரானது. அவுரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகர் கான் 1690-ல் முற்றுகையிட்டார். கோட்டை விழுந்தது 1698-ல். எட்டு வருஷம்! அதற்குள் ராஜாராம் நழுவிவிட்டார்.

மராட்டியர் கையில் இருந்தது மொத்தம் 21 வருஷம். கோனார் கதையின் காலத்தையும் நாயக்கர் ஆட்சியையும் வைத்துப் பார்த்தால் கண் சிமிட்டுகிற நேரம்தான். ஆனால், மராட்டிய ராஜ்யம் உயிர் பிழைத்ததில் அந்த எட்டு வருஷத்துக்குப் பெரிய பங்கு உண்டு. யுனெஸ்கோ தலைப்பு ‘இதைக் கட்டியவர் மராட்டியர்’ என்று சொல்லவில்லை. மராட்டியர்களின் ராணுவ ஏற்பாட்டில் இந்தக் கோட்டைகளுக்கு இருந்த இடத்தைச் சொல்கிறது. தமிழ்நாட்டில் வைக்கும் பலகையில் மற்றவர் பெயர்களையும் பெரிதாக எழுதுங்கள் என்று கேட்டால் நானும் கையெழுத்துப் போடுவேன். அது வேறு. ‘தலைப்பே பொய்’ என்பது வேறு.

ஆக, ‘கோட்டை யாருடையது?’ என்ற ஒரே கேள்விக்குத்தான் அத்தனை கோபமும். வீடியோவில் வந்த மற்றதெல்லாம் சோதனைச் சாவடியில் யாரும் நிறுத்தாமலே போய்விடுகின்றன.

ஒரு உதாரணம். 1714 அக்டோபர் 3-ஆம் தேதி நடந்த சண்டையில் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் 85,000 பேரோடு வந்ததாகவும், தேசிங்கிடம் 350 குதிரைகள் மட்டும் இருந்ததாகவும் ஒரு கணக்கு எங்கும் சுற்றுகிறது. கேட்கவே சிலிர்க்கிறது. 350 குதிரை என்பதைக்கூட நம்பலாம். ஆனால், 85,000? 43 வருஷம் கழித்து பிளாசியில் வங்காள நவாப் சிராஜ் உத் தௌலா கொண்டுவந்ததே சுமார் 50,000 பேர் என்கிறார்கள். அன்றைய இந்தியாவின் பணக்கார மாகாணம் வங்காளம். வரி பாக்கியை வசூலிக்க வந்த ஆற்காட்டுக்காரர் அதைவிட ஒன்றரை மடங்கு படையை எங்கிருந்து திரட்டினார்? அத்தனை வாய்க்கும் ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை அரிசி? இந்தக் கேள்வியை ஒருத்தராவது கேட்டிருக்க வேண்டாமா?

ஆம், வரி பாக்கி! சண்டையின் மூலமே அதுதான். தேசிங்கின் அப்பா சொரூப் சிங், புந்தேல்கண்ட் ராஜபுத்திரர். 1700 வாக்கில் அவுரங்கசீப் அவரைச் செஞ்சியின் கோட்டைத் தலைவராக்கினார். சரியாகக் கப்பம் கட்டாமல் பல வருஷம் ஓட்டிவிட்டு 1714-ல் இறந்துபோனார். வடக்கேயிருந்து வந்த மகன் தேஜ் சிங், ‘கோட்டை பாதுஷா என் அப்பாவுக்குக் கொடுத்தது, நவாப்புக்கு நான் எதுக்குக் கட்டணும்?’ என்கிற தோரணையில் நின்றான். தேஜ் சிங் நம் வாயில் தேசிங்கு ஆனான். ஒரு வருஷம்கூட முழுசாக ஆளவில்லை. 22 வயதில் போர்க்களத்தில் செத்தான். அவனுடைய இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். அந்த இடம் என்று கோட்டைக்குள் சக்கரக்குளக் கரையைக் காட்டுகிறார்கள். அவள் நினைவாக நவாப்பே உண்டாக்கிய ஊர்தான் ராணிப்பேட்டை என்பது வழிவழியாக வரும் செய்தி.

கதைப்பாட்டில் வருகிற டில்லிப் பயணம், பாதுஷாவின் முரட்டுக் குதிரையை அடக்குவது, அப்பாவை மீட்பது... இதற்கெல்லாம் சரித்திர ஆதாரம் கிடையாது. பாட்டுக்காரரும் ‘ஆதாரத்தோடு நிரூபிக்கிறேன்’ என்று ஒருநாளும் சொன்னதில்லை. உடுக்கையைத் தட்டினார், பாடினார், ஜனங்கள் அழுதார்கள், காசு போட்டார்கள். வம்பே இல்லை. அதே கதையை, கூடவே ஒரு கல்வெட்டுப் படத்தையும் காட்டி, ‘அதிரவைக்கும் உண்மை’ என்று விற்கும்போதுதான் வில்லங்கம். அந்தக் கல்வெட்டு எந்த ஊர், என்ன சொல்கிறது என்று கேட்டால் பதில் வராது.

இதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று உண்டு. செஞ்சிச் சண்டையை ‘இந்து ராஜாவுக்கும் முஸ்லிம் நவாப்புக்கும் நடந்த தர்மயுத்தம்’ என்று சொல்லுகிற வீடியோக்களைப் பார்த்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆமோதிக்கிறவர்களையும், பதிலுக்குத் திட்டுகிறவர்களையும் பார்த்தேன். இரண்டு தரப்புமே உண்மை நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளவில்லை. நவாப்பின் பக்கம் நின்றவர் வெங்கடகிரி ராஜா யாச்சம நாயக்கர். இந்து. சண்டை வேண்டாம் என்று சமாதானம் பேசப் பார்த்தவரும் அவர்தான். தேசிங்கின் பக்கம் நின்று உயிரை விட்டவன் மகபத் கான். முஸ்லிம். இப்போது சொல்லுங்கள், யார் எந்தப் பக்கம்?

வீடியோ எடுக்கிற பையன்களைத் திட்டி எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நாராயணப் பிள்ளை மட்டும் எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கினார்? ஊரில் பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதிவைத்தார். அவர் எழுதாமல் போயிருந்தால் கோனார் கதையில் பாதி மண்ணோடு போயிருக்கும். 1943-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.எஸ். சீனிவாசாச்சாரி செஞ்சியின் சரித்திரத்தை ஆங்கிலத்தில் புத்தகமாக எழுதியபோது நாராயணப் பிள்ளையின் சுவடியைத் தூக்கி எறியவில்லை. பாதிரிமார் கடிதம், பாரசீகக் குறிப்பு, கம்பெனி தஸ்தாவேஜு எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எது பொருந்துகிறது, எது இடிக்கிறது என்று பார்த்தார். இன்றைய வீடியோக்காரர்களிலும் சிலர் அப்படி இருக்கிறார்கள். மலை ஏறி, மூச்சு வாங்க, ‘இது ஊர்க்காரங்க சொல்றதுங்க, எனக்கு உறுதியாத் தெரியாது’ என்று சொல்லிக் காட்டிய ஒரு பையனையும் அன்று ராத்திரி பார்த்தேன். பார்த்தவர்கள் எண்ணிக்கைதான் ரொம்பக் கம்மி!

பஸ் விஷயத்தை விட்டுவிட்டேனே... கிருஷ்ணகிரி மலை ஜன்னலில் தெரிய ஆரம்பித்ததும், பெரியவர் மறுபடி எட்டிப் பார்த்தார்.

‘‘ஏம்பா, மோவுத்துக்காரன் வந்தானா உன் வீடியோவுல?’’

மகபத் கானுக்கு இந்த மண்ணில் அதுதான் பெயர்.

‘‘யாரு தாத்தா அது?’’

‘‘நீலவேணிக்குச் சொந்தக்காரன்பா. தேசிங்கோட சிநேகிதன். அவனுக்குக் கல்யாணம் நடக்குது, மணவறையில உட்கார்ந்திருக்கான். சண்டைன்னு ஓலை வருது. அப்படியே எழுந்து குதிரையேறி வந்தான். வந்து செத்தான். இங்க பக்கத்துல நீலாம்பூண்டியிலதான் அவன் சமாதி. குதிரைக்கும் அங்கதான்.’’

பையன் போனை ஒருமுறை பின்னால் தள்ளிப் பார்த்தான். முன்னால் தள்ளிப் பார்த்தான்.

‘‘அவரைப் பத்தி இதுல எதுவுமே இல்ல தாத்தா.’’

‘‘அப்ப என்னத்தைச் சொன்னான் அவன்?’’ என்றார் பெரியவர்.

கண்டக்டர் விசில் அடித்தார். செஞ்சி.