முள்ளும் தைக்கும், ஊசியும் தைக்கும்

காலில் முள் தைக்கிறது. டெய்லர் சட்டை தைக்கிறார். இரண்டுக்கும் வினை ஒன்றுதான். ‘தை’ என்பதன் உயிர் ஊடுருவுவதில் இருக்கிறது, இணைவது அதன் விளைவு என்பது என் எண்ணம். மந்தாரை இலைகளை அடுக்கி ஈர்க்கால் குத்திச் சேர்ப்பதை இலை தைப்பது என்றே சொல்கிறோம்; அதில் நூலே கிடையாது. சங்கப் பாடல்களில் தழையாடைக்கும் இந்த வினை வருகிறது. துணியில் போடும் தையலுக்குத் துன்னம் என்ற சொல்லும் அன்று இருந்தது. சிலப்பதிகாரத்துப் புகாரில் துன்னகாரர் இருக்கிறார்கள். பேச்சில் துன்னம் மறைந்தது, தையல் நின்றது. (வைத்தீஸ்வரன்கோயில் தையல்நாயகியின் பெயரில் உள்ள ‘தையல்’ பெண்ணைக் குறிப்பது.)

கால் மிஷினில் குயில்ட் போடப் பழகும்போதுதான் இந்தச் சொல்லின் கூர்மை எனக்கு விளங்கியது. மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என மூன்றடுக்கு. மூன்றையும் பரப்பு முழுக்கத் துளைத்துக்கொண்டே போக வேண்டும். குயில்ட் என்ற ஆங்கிலச் சொல், மெத்தையைக் குறிக்கும் லத்தீன் ‘குல்கிட்டா’விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அது பொருளின் பெயர். செய்கையைச் சொல்ல நம் ‘தை’ போதும்.

அமெரிக்காவின் ஆலன் வில்சன் 1854இல் காப்புரிமை பெற்ற ஓர் உறுப்பு தையல் மிஷினையே மாற்றியது: துணியை நகர்த்தும் பல். ஊசித் தட்டுக்கு அடியிலிருந்து எழும், துணியைப் பின்னுக்குத் தள்ளும், இறங்கும், பழைய இடத்துக்குத் திரும்பும். நேர்த்தையல் ஒழுங்காக விழுவது அதனால்தான். ஆனால் குயில்ட்டின் மேல் கொடிபோல் வளைந்து வளைந்து போக அதுவே தடை. பழைய சிங்கர் மிஷின்கள் பலவற்றில் பல்லை இறக்க வழியில்லை. அதன்மேல் ஒரு தகட்டைப் பொருத்தி மூடுவார்கள். பிறகு ஊசிக்கு ஏறி இறங்குவது மட்டுமே வேலை, துணி முழுவதும் கையின் பொறுப்பு. ஊசி மேலே இருக்கும் கணத்தில் துணி நகர வேண்டும். உள்ளே இருக்கும்போது இழுத்தால் ஊசி வளைந்து தட்டில் மோதி முறியும். கால் விரைந்து கை தயங்கினால் தையல் ஒரே இடத்தில் குவியும். கால் சுணங்கிக் கை ஓடினால் நீண்டு தொளதொளக்கும்.

துணியை வளையத்தில் இறுக்கி, மிதித்துக்கொண்டே பூப்போடும் நம்மூர் மிஷின் எம்பிராய்டரிக்காரர்களுக்கு இது புதிதே இல்லை. அவர்கள் வேலை செய்யும்போது நான் பாதங்களைத்தான் கவனிக்கிறேன். வளைவிலும் திருப்பத்திலும் மிதி தளர்வதே இல்லை. சக்கரம் ஒருமுறை எதிர்ப்பக்கம் சுழன்றாலும் நூல் சிக்கிவிடும் என்பது அந்தக் கால்களுக்குத் தெரியும்.

புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் வெறும் மிஷினை மிதிக்கட்டும். அடுத்து, நூல் கோக்காமல் காகிதத்தில் ஓட்டிப் பார்க்கலாம். துளைகளின் இடைவெளி சீராக விழுந்தால் கையும் காலும் ஒத்துப்போகின்றன என்று அறியலாம். அப்போது நூல் கோத்தால் போதும். காகிதம் முனையை மழுக்கிவிடும், அதற்கென ஒரு பழைய ஊசியை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.