ஆட்டு மேய்ச்சல்வழிக் களைக் கட்டுப்பாடு

ஆட்டு மேய்ச்சல்வழிக் களைக் கட்டுப்பாடு என்பது புதர் மண்டிய நிலங்களில் பரவியுள்ள ஆக்கிரமிப்புத் தாவரங்களை வெள்ளாடுகளை மேயவிட்டு ஒடுக்கும் முறை ஆகும். இது இலக்கு மேய்ச்சல் எனப்படும் நிலமேலாண்மை முறையின் ஒரு பிரிவு. வழமையான மேய்ச்சலில் ஆட்டை வளர்ப்பது நோக்கம். இங்கு செடியை ஒடுக்குவதே நோக்கம், ஆடு அதற்கான கருவி. செங்குத்தான சரிவுகள், பாறை நிலங்கள், நீர்நிலைக் கரைகள் போன்ற, இயந்திரம் செல்ல இயலாத அல்லது களைக்கொல்லி தெளிக்கத் தயங்கும் இடங்களில் இது பெரிதும் கையாளப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் ஆட்டு மந்தைகளை இதற்கென வாடகைக்கு விடுவது தனித்தொழிலாக வளர்ந்துள்ளது.

வெள்ளாட்டின் உணவுப் பழக்கம்

மாடு முதன்மையாகப் புல்லையும், செம்மறி ஆடு புல்லோடு சிறு பூண்டுகளையும் மேய்கின்றன. வெள்ளாடோ புதர், கொடி, மரக்கன்று ஆகியவற்றின் தழையை விரும்பித் தின்னும். எளிதில் அசையும் மேலுதடு முட்களுக்கிடையே இலையைப் பறிக்க உதவுகிறது. பின்னங்கால்களில் எழுந்து நின்று உயரத்திலுள்ள தழையையும் எட்டும். இலைகளிலுள்ள துவர்ப்புப் பொருளான தனின்களை மாட்டை விட நன்கு தாங்கும்.

எனினும் வெள்ளாடு எதையும் தின்னும் என்பது உண்மையன்று. ஆடுதின்னாப்பாளை என்ற மூலிகைப் பெயரே இதற்குச் சான்று. உண்ணிச்செடியின் நச்சு ஆடுகளின் ஈரலைத் தாக்கும். ஆகவே அச்செடி மிகுந்த இடங்களுக்கு இம்முறை ஏற்றதன்று.

செயற்படும் விதம்

ஒரு முறை மேய்வதால் களை அழிவதில்லை. இலையை இழந்த செடி வேரில் சேமித்த உணவைக் கொண்டு மீண்டும் துளிர்க்கும். அத்துளிரும் மேயப்படும்போது வேரின் சேமிப்பு படிப்படியாகக் குறைகிறது. எனவே ஒரே நிலத்தில் பல பருவங்கள் தொடர்ந்து மேயவிட வேண்டும். இடையில் நிறுத்தினால் பழைய நிலை திரும்பிவிடும். பூக்கும் முன் மேயவிட்டால் விதை உருவாவதும் தடைபடும்.

மந்தை பெரும்பாலும் மின்வலை வேலிக்குள் அடைக்கப்பட்டு, தழை தீர்ந்ததும் அடுத்த பகுதிக்கு மாற்றப்படுகிறது. தமிழகத்தில் வயலில் கிடை போட்டு இடம் மாற்றுவதை இது ஓரளவு ஒத்தது. ஆனால் கிடையின் நோக்கம் எருவே அன்றிக் களை அன்று.

எடுத்துக்காட்டுகள்

கிழக்காசியாவைச் சேர்ந்த குட்சு என்னும் கொடி 1876இல் பிலடெல்பியா கண்காட்சியின் மூலம் அமெரிக்காவில் அறிமுகமானது. 1930களில் மண்ணரிப்பைத் தடுக்க அரசே பணம் கொடுத்து உழவர்களை நடச் செய்தது. பின்னர் அது தென்மாநிலங்களில் மரங்களையும் கட்டடங்களையும் மூடிப் படர்ந்தது. டென்னசி மாநிலத்தின் சட்டனூகா நகரம் 2006இல் மிசனரி ரிட்ச் என்னும் குன்றுச் சரிவில் இக்கொடியை ஒடுக்க ஆடுகளை இறக்கியது.

வட அமெரிக்கப் புல்வெளிகளின் தொல்லையான லீஃபி ஸ்பர்ஜ், கள்ளியும் அம்மான் பச்சரிசியும் அடங்கிய பேரினத்தைச் சேர்ந்தது. இதன் பால் உறுத்துவதால் மாடுகள் இதை ஒதுக்குகின்றன. அதனாலேயே மாட்டுப் பண்ணைகளில் இது பெருகிற்று. வெள்ளாடுகளும் செம்மறிகளும் இதைத் தின்கின்றன.

கலிபோர்னியாவில் காட்டுத்தீக்கு இரையாகும் காய்ந்த புதரைக் குறைப்பதே முதன்மைத் தேவை. சிமி வேலியிலுள்ள ரீகன் நூலகத்தைச் சுற்றி 2019 மே மாதத்தில் சுமார் 500 ஆடுகள் மேய்ந்தன. அவ்வாண்டு அக்டோபரில் தீ நூலகத்தை நெருங்கியபோது, மேய்ந்த நிலம் தீத்தடுப்பு வெளியாக உதவியது. அம்மாநிலத்தின் கூலி விதிகளால் ஒரு மேய்ப்பருக்கான மாதச் செலவு சுமார் 3,700 டாலரிலிருந்து 14,000 டாலராக உயரும் என மந்தை உரிமையாளர்கள் 2023இல் முறையிட்டனர். இரவு பகலாக மந்தையுடன் தங்குபவரின் வேலை நேரத்தை எவ்வாறு கணக்கிடுவது என்பதே சிக்கலின் மையம். ஆடு மலிவான கருவி என்ற பேச்சில் மேய்ப்பரின் உழைப்பு பலவேளை விடுபட்டுவிடுகிறது.

இடர்கள்

வேண்டிய செடி எது, வேண்டாத செடி எது என்று ஆடு பிரித்தறியாது. உள்நாட்டுத் தாவரங்களையும் இளமரங்களின் பட்டையையும் அது விட்டுவைப்பதில்லை. நாய்களும் காட்டு விலங்குகளும் மந்தையைத் தாக்குவதுண்டு.

விதைப்பரவல் இதனினும் பெரிய இடர். சில விதைகள் இரைப்பையில் அழிந்தாலும், கடினத் தோலுடையவை சாணத்தில் உயிருடன் வெளிப்படும். தமிழகத்தின் சீமைக்கருவேலம் இதற்குத் தெளிவான சான்று. ஆடுகள் அதன் தழையைப் பெரிதும் ஒதுக்கி, இனிப்பான நெற்றை மட்டும் தின்று, விதையைப் புழுக்கையுடன் புதிய இடங்களில் விதைக்கின்றன. இங்கு ஆடு களையை ஒடுக்குவதில்லை, பரப்புகிறது. விதை முற்றிய களையை மேய்ந்த மந்தையை வேறு நிலத்துக்கு ஓட்டுமுன் சில நாட்கள் தூய தீவனம் கொடுத்துத் தனியே அடைத்து வைப்பது இதனாலேயே.

மேய்ப்பரற்றுத் திரியும் ஆடு தானே ஓர் ஆக்கிரமிப்பு விலங்காகிவிடும். கலாபகசுத் தீவுகளில் மனிதர் விட்டுச்சென்ற ஆடுகள் பெருகி, பேராமைகளின் உணவான தாவரங்களை அழித்தன. 1997 முதல் 2006 வரை நடைபெற்ற இசபெலா திட்டத்தின்கீழ் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகள் அங்கு கொல்லப்பட்டன.